எல்கேஜிக்கு ஓர் அப்பா

பள்ளிக்கூட வாசலில், இரவல் காருக்குப் பக்கத்தில், அவன் டிரைவராக நின்றான்.

உள்ளே அவன் மகளுக்கு எல்கேஜி இன்டர்வியூ.

அம்மா இடத்தில் அவன் மனைவி. அப்பா இடத்தில் அவளுடைய அண்ணன், இன்ஜினியர். பிறப்புச் சான்றிதழில் இருந்த அவன் பெயரைக் கூப்பிட்டால், அங்கே அவர் 'எஸ்' என்பார்.

மூன்றரை வயதிடம் அந்தப் பள்ளி கேட்டது கொஞ்சம்தான். உலகத்துப் பழங்கள் அத்தனையும். கடவுளே மறந்துபோன நிறங்கள் சிலவும். கூடவே, இங்கிலீஷ் பேசும் தகப்பன்.

பழமும் நிறமும் வந்துவிட்டன.

தகப்பன்தான் இடித்தது. பாதி மதுரையின் வயிற்றை நிரப்பிய பரோட்டா மாஸ்டர் அவன். அவன் 'குட் மார்னிங்' சொன்னால் எதிராளிக்குச் சால்னா மணக்கும்.

ஆகவே வீட்டில் ஒத்திகை. மாமாதான் டாடி. அப்பா, டிரைவர் அங்கிள்.

பழக்கியவனும் அவனேதான். வேறு யாருக்கு அவ்வளவு பொறுமை?

மறந்துபோய் 'அப்பா' என்று ஓடிவந்தால், சுவர் பக்கம் திரும்பிக்கொள்வான்.

'அங்கிள்' என்றால்தான் தூக்குவான்.

கதவு திறந்தது. மச்சான் கட்டைவிரலை உயர்த்தினார். அந்த விரலுக்கு மீனாட்சியம்மன் கோபுரமே அரையடி குட்டைதான்.

மகள் படியில் குதித்தாள். விழுந்தாள். முழங்காலில் ரத்தம்.

அவன் ஓடினான். கையை விரித்தான்.

மிஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுதபடியே எழுந்தவள், திரும்பி, மாமாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"டாடி!"

மிஸ் உருகிப்போனார்.

அவன் விரித்த கையாலேயே கார் கதவைத் திறந்து பிடித்தான்.

கார் நகர்ந்ததும் மச்சான் பின்சீட்டில் சிரிசிரியென்று சிரித்தார்.

"சீட்டு கெடச்சிருச்சு மாப்ள! கடைசில எனக்கே சந்தேகம் வந்துருச்சுய்யா, நான்தான் பெத்தேனோன்னு."

மனைவி சிரிக்கவில்லை.

"மாசாமாசம் மீட்டிங்காம்ணே. அப்பா கட்டாயம் வரணுமாம்."



தெரு திரும்பியது. பள்ளி மறைந்தது. அவன் வண்டியை ஓரங்கட்டினான்.

"பாப்பா, இப்ப யாருமில்ல. கூப்பிடுடா."

கண்ணாடியில் பார்த்தான்.

மாமாவின் மடியில் உட்கார்ந்து, அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.