அம்மா பார்த்த மாப்பிள்ளை

"நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, கையிலிருந்த தட்டைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்தாள்.

மகளுக்குத் தோளில் இருந்த பையை இறக்கி வைக்கக்கூடத் தோன்றவில்லை. வீட்டைக் காலி செய்கிறேன், ஒரு நடை வந்துவிட்டுப் போ என்று அம்மா போனில் கூப்பிட்டதற்காக, வேலை பார்க்கும் மருந்துக் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு ரயிலேறி வந்தவள். வாசலில் கால் வைத்ததும் இப்படி ஒரு இடி.

"யாருக்குக் கல்யாணம்?"

"எனக்குத்தான்."

"அப்பா உயிரோட இருக்காரும்மா."

"அது எனக்குத் தெரியாதா?" என்றபடி அம்மா அடுத்த தட்டை எடுத்தாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். போன வருடம் பழுது பார்க்கும்போது ஏணி சறுக்கித் தலைகுப்புற விழுந்தார். உயிர் தப்பியதே பெரிய விஷயம். கால்கள்தான் விளங்காமல் போயின. தூக்கி எடுத்துப் பார்த்துக்கொள்ள அம்மா ஒருத்தியால் முடியாமல், ஊர்க் கோடியில் இருக்கும் காப்பகத்தில் சேர்த்திருந்தார்கள். மகள் கடைசியாக வந்தபோது மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டே இருந்தார். ஒரு தடவை கண் விழித்துச் சிரித்தார், அவ்வளவுதான். அதன் பிறகு போனில் கேட்கும்போதெல்லாம் அம்மா, நன்றாக இருக்கிறார், சாப்பிடுகிறார் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது அம்மாவை உற்றுப் பார்த்தாள் மகள். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். முகத்தில் ஒரு தெளிவு. அதுதான் மகளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

யார் அந்த ஆள் என்று கேட்டாள். காப்பகத்தில் இருக்கிறவர்தான் என்றாள் அம்மா. போகும்போதும் வரும்போதும் தோட்டத்தில் பார்த்துப் பேசிப் பழக்கமாம். முதலில் வணக்கம் மட்டும் சொன்னாராம். பிறகு பெயர் கேட்டாராம். போன வாரம், தனக்கு என்று யாரும் இல்லை, உங்களுக்கு இஷ்டமிருந்தால் சேர்ந்து இருக்கலாமா என்று கேட்டுவிட்டாராம்.

"உன்னைப் பத்தி அந்தாளுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதுவும் ஒரு வகையில நல்லதாப் போச்சு."

புருஷனைப் பார்க்கப் போன இடத்தில் இன்னொருத்தரோடு சிரித்துப் பேசியிருக்கிறாளே என்று மகளுக்கு உடம்பே கூசியது. நாலு பேர் காறித் துப்புவார்கள் என்றாள். சொந்தக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது என்றாள். அப்பா இந்தக் குடும்பத்துக்காக ஓடாய்த் தேய்ந்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னாள். அம்மா ஒன்றையும் மறுக்கவில்லை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள் அவள். கியர் மாற்றத் தெரியாமல் தடுமாறுகிறவர்களிடம் காட்டும் அதே பொறுமையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முதல்ல நானும் உன்னை மாதிரிதான் அழுதேன்" என்றாள் கடைசியில். "தினம் போய் அழுதேன், கத்தினேன், கெஞ்சினேன். யாருக்கு என்ன ஆச்சு? அப்புறம்தான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமே பழசைச் சொல்லி யாரையும் பாடாய்ப் படுத்தறதில்லைன்னு. பின்னாடி பாக்குற கண்ணாடியையே பாத்துட்டு இருந்தா வண்டி சுவத்துலதான் போய் முட்டும்."

வேலையையும் விட்டுவிட்டாளாம். காப்பகத்தின் வேனை ஓட்ட ஆள் தேடினார்கள், சேர்ந்துகொண்டாளாம். தங்க அங்கேயே ஓர் அறை தருகிறார்களாம். எல்லாவற்றையும் ஏற்கனவே முடித்துவிட்டுத்தான் மகளுக்குச் சொல்கிறாள்.

"அப்பாவுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியும். அவருக்கு இதுல ஒரு வருத்தமும் இல்ல."

படுத்த படுக்கையாக இருக்கிற மனிதர் வேறு என்ன சொல்வார்? மகளுக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. இப்போதே அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றாள். பார்த்துவிட்டுக் கையோடு அவரைத் தன் ஊருக்கே அழைத்துப் போய்விடுவது என்று மனதுக்குள் தீர்மானித்தும் விட்டாள். அம்மா மறுபேச்சு பேசாமல் கார் சாவியை எடுத்தாள்.

காப்பகத்து வாசலில் கார் நின்றதுமே மகள் இறங்கி உள்ளே விரைந்தாள். தோட்டத்து மரநிழலில், சக்கர நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். படுக்கையிலேயே கிடப்பார் என்று நினைத்து வந்தவளுக்கு அதுவே நெஞ்சை நிறைத்தது. வழித்த முகம், படிய வாரிய தலை, கழுத்துப் பட்டன்வரை போட்ட சட்டை. ஓடிப்போய் அவர் முன்னால் மண்டியிட்டாள். அழுகைதான் வந்தது.

அப்பா பதறிப்போய், அழாதீங்க அழாதீங்க என்றார். அவள் தலைக்கு மேலே பார்த்தார். பின்னால் அம்மா வந்துகொண்டிருந்தாள். பார்த்ததும் அவர் முகம் அப்படி மலர்ந்தது. சட்டையை ஒரு தடவை இழுத்து விட்டுக்கொண்டு, மகளிடம் தயக்கமும் மரியாதையுமாகக் கேட்டார்:

"நீங்கதான் இவங்க பொண்ணுங்களா? அம்மா என்னைப் பத்திச் சொல்லியிருப்பாங்க. நான் அவங்களை நல்லாப் பாத்துக்குவேங்க. எங்க கல்யாணத்துக்கு உங்களுக்குச் சம்மதம்தானே?"