எட்டாவது கோட்டிங்

வசந்தகுமார் இன்றைக்கும் படகின் மேல் கன்னத்தை வைத்துவிட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முன் முனையிலிருந்து பின்பக்கம் வரைக்கும் பார்த்தபடி அப்படியே நின்றார். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இவ்வளவு நேரம் கொஞ்ச மாட்டார்கள்.

மெழுகுத் துணியோடு பக்கத்தில் நின்றான் லோகநாதன். பாவம் மனுஷன், விஷயம் தெரியாமல் தினமும் வந்து உருகுகிறாரே என்று நினைத்துக்கொண்டான்.

காக்களூர் தொழிற்பேட்டையில் அது ஒரு சின்ன ஃபைபர் கம்பெனி. போன மாதம் அந்தப் பாய்மரப் படகு லாரியில் வந்து இறங்கியது. முப்பது வருஷத்துப் படகு. தொட்டால் கையில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டியது. பழைய பளபளப்பைக் கொண்டுவந்து, அது மறுபடி மங்காமல் மெழுகு போட்டுத் தர வேண்டும், அவ்வளவுதான் வேலை.

மறுநாளே வேப்பம்பட்டிலிருந்து காரில் வசந்தகுமார் வந்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு நாள்கூடத் தப்பவில்லை. வருகிறவர்களோடு வேலையாட்கள் பேசக்கூடாது என்பது அங்கே சட்டம் என்பதால், லோகநாதன் அவருக்கு ஒரு கும்பிடு போடுவதோடு சரி.

அவனும் குறை வைக்கவில்லை. தண்ணீர் ஊற்றி ஊற்றி வாட்டர் பேப்பர் தேய்த்தான், மிஷின் பிடித்துத் தோள் கழன்று போகிற அளவுக்கு பாலிஷ் ஏற்றினான். இப்போது பக்கத்தில் நின்றால் முகத்தில் இருக்கிற மச்சம்கூடப் படகில் தெரிந்தது.

வசந்தகுமாருக்கு அதுவும் போதவில்லை. இங்கே மேடு, அங்கே கீறல் என்று சுற்றிச் சுற்றி வந்தார். வாட்சைப் பார்ப்பார், கேட் வரைக்கும் போவார், திரும்பி வந்து மறுபடி தடவுவார். மூலையில் கோணி சுற்றிக் கிடந்த பாய்மரத்தின் பக்கம் மட்டும் அவர் திரும்பியதே இல்லை.

இரண்டு கோட்டிங் மெழுகோடு வேலை முடிந்தது என்றுதான் லோகநாதன் நினைத்தான். முதலாளியம்மா குணசுந்தரி எட்டு போடச் சொன்னார். தண்ணீரில் போகிற படகுக்கு எட்டு எதற்கு? நேற்று மோல்டு எடுப்பதற்கான ஆரஞ்சு கலர் பூச்சு இரண்டு டிரம் வந்து இறங்கியபோதுதான் அவனுக்குச் சுருக்கென்றது.

மெழுகு போட்ட படகின் மேல் ஃபைபரை ஏற்றினால், காய்ந்த பிறகு ஒட்டாமல் கழன்று வரும். அதுதான் மோல்டு. அதற்குள் அதே படகை எத்தனை வேண்டுமானாலும் வார்த்துக்கொள்ளலாம். படகுக்குச் சொந்தக்காரருக்கு ஒரு கீறல்கூடத் தெரியாது.

குணசுந்தரியிடம் கேட்டே விட்டான். அவர் மறைக்கவில்லை. படகுக்காரர் காதுக்குப் போனால் நீ நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

முன்பிருந்த கம்பெனியை மூடியதில் ஏழு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தவன் லோகநாதன். நாற்பத்தெட்டு வயதில், இந்தத் தூசி இருமலோடு, வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்? காலையில் டிபன் டப்பாவைக் கையில் கொடுக்கும்போதுகூட மனைவி எல்லம்மா, "உனுக்கு இன்னாத்துக்கு ஊரு வம்பு, வாய மூடிக்கினு வேலைய பாரு" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

மனசு கேட்டால்தானே! பழவேற்காட்டில் சொந்தப் படகு வைத்திருந்து, விற்றுவிட்டு வந்தவன் அவன். அதை வேறொருத்தன் ஓட்டிப் போனதைப் பார்த்த அன்று சோறு இறங்கவில்லை. இந்த மனுஷனுடைய படகு மாதிரியே ஊரெல்லாம் பத்து மிதந்தால் எப்படித் தாங்குவார்?

எட்டாவது கோட்டிங் முடிந்தபோது மணி இரண்டரை. மூன்று மணிக்கு மோல்டு ஆட்கள் வந்துவிடுவார்கள். குணசுந்தரி ஆபீஸ் ரூமில் போனில் இருந்தார். லோகநாதன் துணியை மடித்தான், பிரித்தான், குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். கடைசியில் படகைத் தடவிக்கொண்டிருந்த வசந்தகுமாரின் பக்கத்தில் போய் நின்றான்.

"சார், ஒரு நிமிசம். நான் சொன்னேன்னு மேடத்துக்குத் தெரியக்கூடாது."

"இன்னாப்பா?"

"மூணு மணிக்கு இதும் மேல மோல்டு எடுக்கப் போறாங்க சார். உங்குளுக்குத் தெரியாம இதே மாரி படகு செஞ்சி விக்கப் போறாங்க. இப்பவே லாரிய வரச்சொல்லி எடுத்துக்கினு போயிடுங்க."

வசந்தகுமாரின் முகம் வெளுத்துப்போனது. இதை வேறு யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டார். இல்லை என்றான் லோகநாதன். சொன்னால் வேலை போய்விடும் என்று மேடம் மிரட்டினார்களா என்று கேட்டார்.

"ஆமா சார். போனா போவட்டும். நாளைக்கு உங்க மூஞ்சிய என்னால பாக்க முடியாது."

சொல்லி முடித்ததும் அவனுக்கு நெஞ்சு லேசானது. இருமல்கூட வரவில்லை.

வசந்தகுமார் விறுவிறுவென்று போய் ஆபீஸ் ரூம் கதவைத் தட்டினார். போனைக் கையில் பிடித்தபடியே குணசுந்தரி வெளியே வந்தார். இன்றைக்கு இந்த அம்மாவுக்கு இருக்கிறது என்று லோகநாதன் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மேடம், மோல்டுக்கு ஆர்டர் குடுத்த என்கிட்டயே வந்து இத்த சொல்றாரு. நாளைக்குப் படகுக்காரரு வந்தா இவரு சும்மா இருப்பாரா?"