அவசரக்காரி

வந்து சேர்ந்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் குதிரையைச் சோதனைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள் அந்தப் பெண்.

கால்நடை டாக்டரம்மா அவள் நீட்டிய நேரச் சீட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கேம்மா."

"பரவாயில்லை மேடம். பாருங்க."

நூற்றிருபது கிலோமீட்டர் குதிரை ஓட்டம். தொண்ணூறு முடிந்திருந்தது. மீதி முப்பதை ஓடுவதற்கு முன் இதுதான் கடைசிச் சோதனை. ஓடி வந்த குதிரையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு அறுபத்து நாலுக்குள் இறங்கியிருக்க வேண்டும். அதற்கு இருபது நிமிட அவகாசம் உண்டு. சேணத்தைக் கழற்றி, மேலெல்லாம் தண்ணீர் ஊற்றி, நிழலில் மெல்ல நடத்தி, துடிப்பு அடங்கிய பிறகு கொண்டுவரலாம். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். ஏனென்றால் கடைசிச் சோதனைக்கு ஒரே வாய்ப்புதான்.

இவள் குதிரையின் முதுகிலிருந்தோ சேணம்கூட இன்னும் இறங்கவில்லை.

அவளுடைய மாமா இரண்டு கையிலும் வாளித் தண்ணீரோடு மூச்சு வாங்க ஓடிவந்தார். குதிரைக்குச் சொந்தக்காரர் அவர்தான். உன்னை யார் இப்போதே கொண்டுபோகச் சொன்னது என்று தூரத்திலிருந்தே கேட்டார். அதற்குள் டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டார்.

எண்ணினார். எழுபத்தொன்று.

விதிப்படி இன்னொரு டாக்டரும் வந்து எண்ணிப் பார்த்தார். அவருக்கும் எழுபத்தொன்றுதான்.

அவ்வளவுதான். ஆட்டம் முடிந்தது.

அவள் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். முதல் மூன்று இடத்துக்குள் முடித்தால் தேசிய அணியில் இடம் என்று அன்று காலைதான் அறிவித்திருந்தார்கள். அவளுக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்து நிழலில் குதிரைகளை நடத்திக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 'அவசரக்காரி' என்றார் ஒருவர், மெதுவாகத்தான். ஆனாலும் அவள் காதில் விழுந்தது.

மாமா வாளிகளைக் கீழே வைத்தார். அப்பா இல்லாத அவளை ஏழு வயதில் குதிரையில் தூக்கி உட்காரவைத்தவர் அவர். டாக்டரிடம் ஒரு வார்த்தைகூட வாதாடவில்லை. அவளைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஆறு வருஷமா இந்த ஒரு நாளுக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். பத்து நிமிஷம் உன்னால பொறுக்க முடியலையா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இனிமே என் குதிரை மேல நீ ஏற வேண்டாம்."

அதற்கும் அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மாமா வாளிகளை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போய்விட்டார்.

டாக்டரம்மாவுக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறார். நொண்டுகிற குதிரையை மறைத்து நடத்திக் காட்டுகிறவர்கள், கெஞ்சுகிறவர்கள், சண்டைக்கு வருகிறவர்கள் எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. கையில் இருப்பதை இப்படித் தானாகவே தவறவிட்டவளைப் பார்த்ததில்லை.

வெளியேறிய குதிரையை மறுபடி ஒருமுறை பார்த்தாக வேண்டும் என்பது விதி. சிறிது நேரம் கழித்து அவளைத் தேடிப் போனார்.

மரத்தடியில் சேணத்தை இறக்கிவைத்துவிட்டு, ஈரத் துணியால் குதிரையின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான பழுப்புக் குதிரை. சுக்கு என்று செல்லப் பெயர். பார்க்க வற்றல், குணம் காரம் என்று எல்லாரும் சொல்வார்கள். இப்போது அந்தக் காரமெல்லாம் அடங்கி, அவள் தோளில் நெற்றியை வைத்தபடி நின்றது.

டாக்டரம்மா கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார். மடிப்பு உடனே சமமாகவில்லை. ஈறு வறண்டிருந்தது. பிறகு துடிப்பை எண்ணினார்.

"இப்ப அறுபது. கொஞ்சம் நின்னிருந்தா தேறியிருக்கும். இவ்வளவு நாளா ஓட்டுற, உனக்கு இது தெரியாதா?"

"தெரியும் மேடம். பத்து நிமிஷத்துல இறங்கிடும். எப்பவும் அப்படித்தான். எல்லாச் சோதனையிலயும் எப்படியோ தேறிடுவான்."

அறுபதாவது கிலோமீட்டருக்குப் பிறகு குதிரை வழக்கம்போல முன்னால் பாயக் கடிவாளத்தை ஒருமுறைகூட இழுக்கவில்லை, இரண்டு இடத்தில் தண்ணீரைக் காட்டியும் வாய் வைக்கவில்லை என்றாள். இரண்டு மாதத்தில் இது மூன்றாவது ஓட்டம். போன சோதனையின்போதே மாமாவிடம் சொன்னாளாம். டாக்டரே தேறிவிட்டது என்கிறார், உனக்கு என்ன வந்தது என்று கேட்டாராம்.

டாக்டரம்மா கையிலிருந்த சோதனைத் தாளைப் புரட்டிப் பார்த்தார். தேறியது என்று அங்கே கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

"சரி, அப்படின்னா நீயே விலகியிருக்கலாமே. அதுக்கு விதி இருக்கு. உன் பேர்ல தோல்வின்னு ஏறியிருக்காது. மாமாகிட்டயும் உடம்பு முடியலைன்னு சொல்லியிருக்கலாம்."

அவள் துணியைப் பிழிந்தாள். வண்டியருகே மாமா அவளுடைய அண்ணனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் அவரளவு உயரம். அவனும் குதிரை ஓட்டுகிறவன்தான்.

"நானா விலகினா பதினஞ்சு நாள்தான் மேடம் ஓய்வு. அடுத்த மாச ஓட்டத்துக்கு மாமா பேர் குடுத்துட்டார். நான் இல்லைன்னா அண்ணன் ஏறுவான்."

குதிரையின் கழுத்தை அணைத்துக்கொண்டு, டாக்டரம்மாவின் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"துடிப்பு இறங்கலைன்னு நீங்க எழுதிட்டா, அறுபது நாளைக்கு இவனை யாராலயும் ஓட வைக்க முடியாதுல்ல?"