கீறத் தெரியாதவன்

"இதை எந்தக் குழந்தை கழுத்துல கட்டி விளையாட விட்டீங்க?"

டிஸ்க்கின் நடு ஓட்டையில் கட்டியிருந்த பச்சைக் கயிற்றை இரண்டு விரலால் தூக்கி, செத்த எலியைப் பார்ப்பதுபோல் பார்த்தார் நிபுணர். கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து விவரம் மீட்டுத் தரும் கடை அவருடையது; எல்லோரும் அவரை நிபுணர் என்றுதான் கூப்பிட வேண்டும். 'மெக்கானிக்' என்று கூப்பிட்ட ஒருவரை வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர்.

"குழந்தை இல்லை சார். ஒரு தோட்டத்துல பறவை விரட்டக் கட்டியிருந்தாங்க" என்றாள் எதிரே நின்ற பெண். "நான் ஆஸ்பத்திரியில ரெக்கார்டு பார்க்கறவ. இது எங்க இடத்து டிஸ்க். இதைப் படிக்க முடியுமான்னு தெரிஞ்சாகணும். இல்லேன்னா என் வேலை போயிடும்."

"போகட்டுமே! ரெக்கார்டைக் காக்காய் விரட்ட அனுப்பறவங்களுக்கு வேலை ஒரு கேடா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

வாடிக்கையாளர்கள் என்றாலே நிபுணருக்கு இளக்காரம். கீறல் போகும் என்று டிஸ்க்கில் பற்பசையைத் தேய்த்துக்கொண்டு வருகிறவர்கள், சட்டை நுனியால் துடைத்தே கெடுக்கிறவர்கள், "நகல் எடுத்து வெச்சீங்களா?" என்று கேட்டால் பேந்தப் பேந்த விழிக்கிறவர்கள். இருபது வருஷமாக இந்த மந்தையைத்தான் மேய்க்கிறோம் என்று அவருக்கு ஒரு சலிப்பு.

கயிற்றை வெட்டிப் போட்டுவிட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் டிஸ்க்கைக் கழுவினார். மெல்லிய துணியை எடுத்தார்.

"பாரும்மா. நடுவுலேர்ந்து வெளியே, நேரா துடைக்கணும். வட்டமா துடைச்சா அதோட கதை முடிஞ்சுது. சொன்னா உங்க மண்டையில எல்லாம் ஏறவா போகுது!"

போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டு எரிந்து விழுந்தார். "ஆமாங்க, மீட்டும் தருவோம், அழிச்சும் தருவோம். அழிக்க வேண்டியதை மூட்டையா அனுப்பிடுங்க, உள்ளே என் மச்சான் பார்த்துப்பான். சான்றிதழா? அதெல்லாம் நான் போட்டுத் தந்துடுவேன். வைங்க, முக்கியமான வேலையில இருக்கேன்."

டிஸ்க்கை விளக்குக்குக் கீழே சாய்த்தவர், திடீரென்று சிரித்தார். அடிப்பக்கத்தில் குறுக்கே இரண்டு கோடுகள், பெருக்கல் குறி போல.

"இது தானா விழுந்த கீறல் இல்லை. யாரோ வேணும்னே ஆணியால இழுத்திருக்கான்."

"அழிக்கறதுக்கா சார்?"

"அழிக்கற லட்சணம்! விஷயமெல்லாம் இந்த டிஸ்க்குல மேல்பக்கம், பேர் எழுதற பூச்சுக்கு அடியில இருக்கு. அங்கே ஒரு கோடு போட்டிருந்தா நானே கையை விரிச்சிருப்பேன். இந்த மகாராசன் அடிப்பக்கம் வெறும் பிளாஸ்டிக்கைக் கீறிட்டு, பெரிய வேலை முடிஞ்சதுன்னு போயிருக்கான்."

"அப்போ அவனுக்குத் தொழில் தெரியாதா?"

"தொழிலா? அவனுக்கு அனா ஆவன்னாவே தெரியாது!"

கீறல்மேல் மெருகுப் பசையை வைத்து, கால் மணி நேரம் பொறுமையாகத் தேய்த்தார். அந்த நேரத்தில் மட்டும் அவர் வாயும் ஓய்ந்திருந்தது, கையும் அழகாக இருந்தது. பிறகு டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் பெட்டியில் போட்டு, மிக மெதுவாகப் படிக்க விட்டார். அது முனகியது, நின்றது, மறுபடி முனகியது. திரையில் கோப்புகள் வரிசையாக வந்து விழத் தொடங்கின.

"வந்துடுச்சு பாரு! ஓ, மனநல ஆஸ்பத்திரியா? இவரு ஒரு தலைமை ஆசிரியராம். கூட்டத்தைப் பார்த்தா கை கால் உதறுதாம். இவரெல்லாம் பிள்ளைகளை எப்படி மேய்க்கறாரோ! இந்தம்மா பூட்டின கதவை நாப்பது தடவை..."

"படிக்காதீங்க சார்." அவள் கை நீட்டித் திரையை மறைத்தாள். "எத்தனை பேரோட விவரம் இருக்கு?"

"நானூத்துப் பன்னெண்டு. ஒண்ணு விடாம எடுத்துட்டேன். இந்த ஊர்ல வேற எவனுக்காவது இது முடியுமா?"

அவள் பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள். "அந்தத் தலைமை ஆசிரியர் விஷயம் ஊர் பூரா பரவிடுச்சு சார். மனுஷன் வீட்டைவிட்டே வெளியே வர்றதில்லை. நான்தான் வெளியே சொன்னேன்னு எங்க டாக்டர் நினைக்கறார். அழிச்சாச்சுன்னு நாங்க நம்பின டிஸ்க் இது, எத்தனை கை மாறி அந்தத் தோட்டத்துக்குப் போச்சோ. அழியவே இல்லைன்னு நீங்க எழுதிக் கொடுத்தா..."

"அவ்வளவுதானே!"

நிபுணருக்குக் குஷி பிறந்துவிட்டது. அடுத்தவன் முட்டாள்தனத்தை எழுத்தில் பதிவது அவருக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. கடையின் பெயர் அச்சிட்ட தாளை இழுத்து, விறுவிறுவென்று எழுதினார். 'டிஸ்க் அழிக்கப்படவில்லை. விவரங்கள் முழுவதும் படிக்கும் நிலையில் உள்ளன. இது தொழில் அறியாத, பொறுப்பில்லாத ஆள் செய்த வேலை.' கீழே கையெழுத்தைச் சுழித்து, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

"உன் டாக்டர் மூஞ்சியில விட்டெறி. ஆமா, யாரு அந்த மடையன்? மானம் ரோஷம் இருந்தா இந்நேரம் கடையை இழுத்து மூடிட்டுப் போயிருக்கணும்!"

அவள் அந்தத் தாளை ஒருமுறைக்கு இருமுறை படித்தாள். மை காயும்வரை ஊதினாள். கைப்பையில் பத்திரமாக வைத்து, இழுத்து மூடினாள். பிறகு எழுந்து நின்று, முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"போன வருஷம், இதை அழிச்சாச்சுன்னு எங்களுக்குச் சான்றிதழ் கொடுத்ததும் நீங்கதான் சார்."