அடுப்பில் ஒரு பெயர்

கோணிப்பையைப் பிரித்ததுமே வேதாசலத்துக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. உள்ளே இரட்டை பர்னர் வைத்த எவர்சில்வர் கேஸ் அடுப்பு. முன்பக்கத் தகட்டில் ‘அருள்மேரி’ என்று வெட்டியிருந்த பெயரைச் சுற்றி, வெறிபிடித்தாற்போல் யாரோ தேய்த்த கீறல்கள்.

“இந்தக் கீறலெல்லாம் போவணும்யா. பேரும் போவணும். தடமே தெரியக் கூடாது” என்றாள் கொண்டு வந்த அம்மாள். ஐம்பது வயதிருக்கும். சொல்லும்போதே தெருப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் பதினைந்து வருஷமாகப் பாலிஷ் பட்டறை வைத்திருப்பவன் வேதாசலம். பாத்திரத்தில் பெயர் வெட்டச் சொல்லி ஆயிரம் பேர் வருவார்கள். வெட்டிய பெயரை அழிக்கச் சொல்லி வருகிறவர்கள் ஒரே ரகம்தான்.

“உன் பேரு இன்னாம்மா?”

“ஞானம்மா.”

“அப்ப அருள்மேரி யாரு? எந்த வூட்லேர்ந்து தூக்கினு வந்தே?”

“மாதா மேல சத்தியமா திருட்டு சாமான் இல்லய்யா! நாங்க வாங்கினதுதான். கொழந்தைய பக்கத்து வூட்ல வுட்டுட்டு, கீழ்க்கட்டளைலேர்ந்து பஸ்ல தூக்கினு வரேன். வர்ற திங்கக்கெழம கோயில்ல கல்யாணம். மாப்பிள்ள ஷிப்ட் முடிஞ்சி வர்றதுக்குள்ள இத எடுத்த எடத்துல வெச்சாவணும்.”

“அருள்மேரி யாருன்னு கேட்டேன்.”

அவள் குரல் இறங்கிவிட்டது. “மொத சம்சாரம். பிரசவத்துல போயிட்டா. எட்டு மாசம் ஆவுது.”

வேதாசலம் தேய்ப்பதற்காகக் கையிலெடுத்த எமரித் தாளைக் கீழே வைத்தான். திருட்டு இல்லை, திருட்டைவிட மோசம் என்று பட்டது அவனுக்கு. போன ஆவணியில்தான் தன் மகளின் சீர்ப் பாத்திரம் ஒவ்வொன்றிலும் தானே உட்கார்ந்து பெயர் வெட்டி அனுப்பியிருந்தான்.

“வேற கடை பாரும்மா. செத்தவ பேர நான் அழிக்கமாட்டேன்.”

அவள் பட்டறை வாசலிலேயே மடங்கி உட்கார்ந்துவிட்டாள். “நாலு கடை ஏறி எறங்கிட்டேன்யா. எல்லாரும் போலீசுன்றான். நீயும் தொரத்தினா நான் எங்க போவேன்?”

“அப்படி இன்னாம்மா அவசரம்?”

“போன ஞாயித்துக்கெழம புதுப்பொண்ணு வூடு பாக்க வந்துச்சி. கொழந்தைய ஆசையாத்தான் தூக்கிச்சி. பால் காச்சலாம்னு அடுப்பாண்ட போச்சி, இந்தப் பேர பாத்துச்சி. மூஞ்சியே செத்துப் போச்சிய்யா. இடுப்புல இருந்த கொழந்தைய அப்படியே கீழ எறக்கி வுட்டுட்டு வெளிய போயிடுச்சி. தெனம் இந்தப் பேரு கண்ணுல பட்டா, அந்தப் பச்ச மண்ணுக்குப் பால் காச்ச மனசு வருமா?”

வேறு அடுப்பு வாங்குவதுதானே என்று கேட்க வாயெடுத்தவன், அவள் கைகளைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பத்து விரல் நுனியிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது.

“மூணு நாளா நானே தேச்சிப் பாத்தேன். புளி, சாம்பல், செங்கத்தூள், கம்பி நாரு. பால் பொங்கின கறை போச்சி. பேரு மட்டும் போவ மாட்டேங்குது” என்றாள். சொல்லும்போதே உதடு கோணிக்கொண்டது.

மணி மூன்றேகால். நாலு மணிக்குக் கரண்ட் போய்விடும், சக்கரம் ஓடாது. வேதாசலம் பர்னர்களைக் கழற்றிவிட்டு அடுப்பைத் தூக்கி மேசையில் வைத்தான். எட்டு மாதக் குழந்தை ஒன்று அவன் கண்ணிலேயே நின்றது.

முதலில் முரட்டு எமரி. பிறகு சன்ன எமரி. சக்கரம் சுழன்று தகட்டில் பட்டதும் பொறி பறந்தது. ஞானம்மா சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி, முந்தானையைக் காதில் அழுத்திக்கொண்டாள். சத்தம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தான் அவன்.

‘மேரி’ சீக்கிரம் போய்விட்டது. ‘அருள்’ ஆழமாக வெட்டியிருந்ததால் லேசில் மசியவில்லை. நாலடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ‘அ’வின் கடைசிச் சுழியும் தேய்ந்து மறைந்தது. பச்சை பாலிஷ் சோப்பைத் தடவித் துணிச் சக்கரத்தில் ஒரு ஓட்டு ஓட்டினான். கீறல், பெயர் எல்லாம் மறைந்து தகடு கண்ணாடி மாதிரி பளபளத்தது.

“பாத்துக்க. தடம் இல்ல.”

ஞானம்மா கிட்டே வந்தாள். பெயர் இருந்த இடத்தை விரலால் மெதுவாகத் தடவினாள். திரும்பவும் தடவினாள். பிறகு முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, கோணிப்பையை விரித்தாள்.

அவள் அப்படித் துடைத்ததுதான் வேதாசலத்தைக் கிளறிவிட்டது. பொண்ணைப் பெற்றவனாச்சே, அடக்க முடியவில்லை.

“கொழந்தைக்காவ செஞ்சேன், உனக்காவ இல்ல. மருமவ செத்து வருசம்கூடத் திரும்பல, அதுக்குள்ள அவ பேரு கண்ண உறுத்துதா? அவளப் பெத்தவ இத பாத்தா வயிறெரிஞ்சி போவ மாட்டா?”

அடுப்பைக் கோணிக்குள் நுழைத்துக்கொண்டிருந்த ஞானம்மா நிமிரவில்லை.

“பெத்தவ நான்தான்யா.”