விடிகாலைக் கோப்பை

“நாள் தள்ளி ரெண்டு நாள்கூட ஆகலை, அயித்தை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாத்தான் சரியாத் தெரியும்னு மருந்துக்கடையில சொன்னாக.”

“சாயங்காலம் எனக்கு பிளைட்டு. உனக்காக ஏரோப்பிளேன் ஒரு வாரம் நிக்குமாக்கும்?” என்றார் மாமியார் வெள்ளையம்மை ஆச்சி. “ஊருக்கு டிக்கெட் ரெண்டு போட்டாச்சு. ரெண்டு கோடு விழுந்தா நான் மட்டும் போறேன். ஒத்தைக் கோடுன்னா நீயும் கிளம்பு. உன்னை உங்க அப்பச்சி வீட்டுல விட்டுட்டு வயிரவனுக்கு வேற பொண்ணு பாக்குறேன். போ, விடிஞ்சதும் போற முதல் தண்ணியைக் கோப்பையில பிடிச்சு வை.”

தெய்வானை கணவனைப் பார்த்தாள். வயிரவன் கைப்பேசியைப் பார்த்தான்.

“எனக்கு எட்டு மணிக்கு மெடிக்கல் டெஸ்ட் ஆத்தா. வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கணும். சீக்கிரம் முடிங்க” என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் புகுந்தான்.

வியட்நாமில், சைகோன் நகரத்துப் பூ மி ஹங் பகுதியில் பதினெட்டாவது மாடி வீடு. மாடி உயர்ந்த அளவுக்கு மனம் உயரவில்லை. ஒரு பெண்ணின் வயிற்றுக்குக் கெடு வைக்கவும், நாட்காட்டியில் வட்டம் போடவும், குற்றவாளி என்று விரல் நீட்டவும் அங்கே ஆள் இருந்தது. குறை யாரிடம் என்று கேட்கத்தான் நான்கு ஆண்டுகளாக ஆளில்லை.

வெளியே வந்தவன், “காப்பி” என்றான். அடிவயிறு முட்ட, அவள் அடுப்படிக்கு ஓடினாள்.

காப்பியோடு திரும்பியபோது, குளியலறையிலிருந்த கோப்பை கூடத்து மேசைக்கு வந்திருந்தது. அதில் சோதனை அட்டையை முக்கி எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்தபடி நின்றார் ஆச்சி.

“அயித்தை, அது வந்து...”

“மூச்! பேசினே, பல்லு உதிர்ந்துரும்!”

ஐந்து நிமிடம். ஒற்றைக் கோடு.

“பாருடா வயிரவா! நான் அன்னைக்கே சொல்லலை? இந்த உடம்புல ஒரு புழுப் பூச்சிகூடத் தரிக்காது. பட்ட மரம்! இதை வீட்டுல வச்சுக்கிட்டா நம்ம வம்சம் விளங்குமா?”

“நீங்க சொன்னா சரிதான் ஆத்தா” என்றான் வயிரவன். அவள் பெட்டியை அவனே உருட்டிக்கொண்டுபோய் வாசலில் நிறுத்தினான். பிறகு மணி பார்த்துக் குளியலறைக்கு ஓடினான்.

மறு நொடி உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது.

“ஆத்தா! மெடிக்கலுக்கு எடுத்துட்டுப் போக இங்கே என் யூரினைப் பிடிச்சு வச்சிருந்தேனே, அந்தக் கோப்பை எங்கே?”

ஆச்சி கையிலிருந்த அட்டையையும் மேசைமேல் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். தெய்வானை பெட்டியின் கைப்பிடியைப் பற்றினாள்.

“நான் இன்னும் குளியலறைக்கே போகலை, அயித்தை. என்னோடதை எப்பப் பாக்குறதுன்னு இனி நான் முடிவு பண்ணிக்கிறேன். அந்தப் பட்ட மரத்தை நீங்களே வச்சுக்குங்க.”