சுவரில் ஒட்டிய பசை

மருமகள் எண்ணெய்த் துணியால் சுவர் டைல்ஸை அழுத்தித் தேய்த்தாள். டேப்பை உரித்த இடமெல்லாம் பசை கறுத்துக் கிடந்தது. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

"விடு, அப்பா ஆஸ்பத்திரியிலேருந்து வர்ற நேரமாச்சு," என்றான் கணவன்.

"உங்களுக்கென்ன! மாமா கண்ணு முதல்ல இதுலதான் விழும். என்னைத்தான் சொல்வாரு."

வாசலில் ஆட்டோ நின்றது. மாமனார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவளை உற்றுப் பார்த்தார்.

"நீதான் என் மருமகளா? குரலைக் கேட்டு, குண்டா இருப்பேன்னு நினைச்சிருந்தேன்!"

அவள் களைப்பிலும் சிரித்துவிட்டாள்.

குளியலறைக்குக் கிளம்பியவர் பாதியில் கண்களை மூடிக்கொண்டு சுவரைத் தடவினார்.

"நான் தடவி நடக்க ஒட்டியிருந்த டேப் எங்கம்மா?"

"ஆபரேஷன்தான் ஆயிடுச்சே மாமா! இப்ப கண்ணு தெரியுதே!"

"கண்ணைத் திறந்து நடந்தா தலை சுத்துதும்மா. பழகுற வரைக்கும் திரும்ப ஒட்டிடு."

"எண்ணெய் மேல டேப் ஒட்டாது மாமா," என்றவள் சோப்புத் தண்ணீர் எடுக்கப் போனாள்.